மொட்டை மாடிச் சாவி

நாலு நாளாக வீடு முழுக்கத் தேடிய மொட்டை மாடிச் சாவியை எடுத்துப்போனது யார் என்று மாமியாருக்கு இன்று காலைதான் உறைத்தது.

“அந்த நர்ஸம்மாடா! கைப்பையில போட்டுக்கிட்டுப் படியிறங்கினதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அவ வீட்டுச் சாவியா இருக்கும்னு நினைச்சுத் தொலைச்சேன்.”

மகன் தலையைச் சொறிந்தான். ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களுக்கான கவுன்ட்டரில் அவனுக்கு வேலை. ஊரார் விட்டுப்போன குடைகளையெல்லாம் பத்திரமாக எடுத்துக் கொடுக்கிறவன், சொந்த வீட்டில் ஒரு சாவியைக் கண்டுபிடிக்க முடியாமல் நாலு நாளாக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

“நர்ஸுக்கு நம்ம மாடிச் சாவி எதுக்கும்மா?”

“அதை அவகிட்ட கேளு. பிள்ளைத் துணியெல்லாம் நாற்காலி மேல கிடக்கு. வீடே ஈர நாத்தம்!”

குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். தலைச்சன், பெண். வீடு மூன்றாவது மாடியில். அதற்கு மேல் மொட்டை மாடி. ஒரு பூட்டு, ஒரே சாவி.

அந்த நர்ஸை ஆஸ்பத்திரியிலிருந்துதான் அனுப்பியிருந்தார்கள். பிரசவமான வீடுகளுக்கு வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிற வேலை. இவரோ நாலு நாளாகத் தினமும் வருகிறார். மாமியாருக்கு அதுவே பிடிக்கவில்லை. பிள்ளையை எடை போட்டோமா, கிளம்பினோமா என்று இல்லாமல், பெற்றவளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் குசுகுசு.

“நேத்து ராத்திரி தூங்கினியான்னு கேக்கறாடா. பிள்ளை பெத்தவ எவ தூங்கினா? நான் மூணு பெத்தேன். என்னை எந்த மகராசி கேட்டா?”

கதவுக்கு வெளியே இன்னொன்றும் அவர் காதில் விழுந்திருந்தது. “வீட்டுல நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்று நர்ஸ் கேட்டதும், “நானே சொல்றேன் சிஸ்டர்” என்று மருமகள் சொன்னதும். நம்மைப் பற்றித்தான் ஏதோ கோள் என்று மாமியார் முடிவுகட்டிவிட்டார்.

பார்க்க வந்த மற்றவர்கள் எல்லாம் முறையாக நடந்துகொண்டார்கள். குழந்தைக்கு யார் மூக்கு என்று சண்டை போட்டார்கள். எடை கேட்டார்கள். போய்விட்டார்கள்.

மருமகளும் தங்கமான பெண்தான். அழுகை, புலம்பல் எதுவும் கிடையாது. எது கேட்டாலும் “நல்லா இருக்கேன் அத்தை.” சாவியைப் பார்த்தாயா என்று கேட்டதற்கும், “தெரியாது அத்தை.”

அவளிடம் இருந்த கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று. காயப்போடத் துணியே இல்லாவிட்டாலும் மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். “பச்சை உடம்பு, காத்துல நிக்காதே” என்று மாமியார் தொண்டை வறளக் கத்தியும் கேட்டதில்லை. சாவி போனதில் அந்தத் தொல்லை மட்டும் ஒழிந்தது.

பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். மகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

“சிஸ்டர், எங்க மாடிச் சாவி உங்ககிட்ட இருக்கா?”

நர்ஸ் அவனைத் தாண்டி அறைக்குள் பார்த்தார். அவன் மனைவி கட்டிலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

“இருக்கு தம்பி. கைமறதியா எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“சரி, குடுங்க.”

“கொண்டுவரல.”

“நாளைக்கு?”

“பார்க்கலாம்.”

“கேட்டியாடா! நம்ம சாவியை நாம கேட்டா, பார்க்கலாமாம்!” மாமியார் நர்ஸ் பக்கம் திரும்பினார். “வயசாச்சே, வெட்கமா இல்லையா உனக்கு? இன்னும் எத்தனை வீட்டுல என்னென்ன கைமறதியோ!”

நர்ஸின் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்த் தராசை விரித்து, குழந்தையை எடை போட்டு எழுதினார்.

“மூணு கிலோ நூறு. நல்லா ஏறியிருக்கு. கொஞ்சம் கதவைச் சாத்திக்கவா?”

“ஒண்ணும் வேண்டாம்!” என்றான் மகன். நல்ல மனிதன், ஆனால் அவனுக்கும் தூக்கமில்லாத பத்தொன்பதாவது நாள். அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்தான். “முதல்ல அந்தப் பூட்டை உடைக்கிறேன். அப்புறம் உங்க ஆஸ்பத்திரிக்கு போன் போடறேன். நாளையிலேருந்து நீங்க இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.”

நர்ஸ் ஓடிப்போய் வாசல் நிலைக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

“தம்பி, என்மேல என்ன புகார் வேணும்னாலும் குடுங்க. என் வேலையே போனாலும் போகட்டும். பூட்டை மட்டும் உடைக்காதீங்க.”

“ஏன்? எங்க பூட்டை உடைச்சா உங்களுக்கு என்ன போச்சு?”

நர்ஸ் மறுபடியும் அறைப் பக்கம்தான் பார்த்தார்.

“தள்ளுங்க சிஸ்டர்!”

அப்போது அவன் மனைவி எழுந்து வந்தாள். குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். கணவன் பக்கத்தில் வந்து சுத்தியலைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக எல்லோர் எதிரிலும் அழுதாள்.

“அவங்க எடுக்கலைங்க. நான்தான் குடுத்தேன். நான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் என்கிட்ட திருப்பித் தந்துடாதீங்கன்னு சொல்லிக் குடுத்தேன்.”