நூறு கோடியே ஏழு

பொற்கொடி பிறந்த அன்று அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த எண் நூறு கோடியே ஏழு. அது பகா எண். இரண்டு, மூன்று என்று எதைக் கொண்டு வகுத்தாலும் மீதி நிற்கும். பள்ளியில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கதிரேசனைக் காதலித்த பிறகுதான் சிக்கல் வந்தது. இருவர் எண்ணுக்கும் பொதுக் காரணி இருந்தால்தான் திருமணத்தைப் பதிவு செய்வார்கள்.

கதிரேசனின் எண் அறுபது கோடியே நாற்பத்தெட்டு. அவனைப் போலவே எல்லாருக்கும் இணங்கிப் போகிற எண். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு எல்லாமே அதை வகுக்கும்.

பதிவு அலுவலகத்தில் ஹேமலதா என்ற அதிகாரி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணுமே இல்லையேம்மா."

கதிரேசன் எழுந்துவிட்டான். பொற்கொடி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒண்ணு இருக்கே மேடம்."

"என்ன இருக்கு?"

"ஒண்ணுதான். ஒண்ணு எல்லா நம்பரையும் மீதியில்லாம வகுக்கும். ஒண்ணைவிடப் பெருசா இருக்கணும்னு சட்டத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

ஹேமலதா விதிகளை மூன்று முறை படித்தாள். அப்படி எங்கும் இல்லை. காரணி கேட்ட கட்டத்தில் 1 என்று தட்டியதும் சான்றிதழ் அச்சாகி வெளியே வந்தது.

அதை அவர்களிடம் நீட்டிய கையோடு அவள் போனை எடுத்தாள்.

"சேவியர், ஆறு வருஷமா நம்ம கல்யாணத்தைத் தடுத்த கணக்குதாங்க தப்பு. லீவு சொல்லிட்டு உடனே இங்க வாங்க."