மலை உச்சியில் விழுந்த அடிகள்

"அக்கா, நாளைக்கு நீ எங்க காலேஜுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நான் பொய் சொல்லலன்னு."

சலவைக்கடையின் பின்னறையில் அக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாடகக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் தம்பி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பொய்?"

"சண்டைப் படங்களைப் பத்தி நான் எழுதின கட்டுரை. வாத்தியார் அதை எல்லார் முன்னாடியும் தூக்கிப் போட்டுட்டாரு. இல்லாததை இருக்குன்னு எழுதியிருக்கேனாம். நாளைக்குள்ள நிரூபிக்கலன்னா ஃபெயில். மூணு வருஷமும் தண்டம்."

அக்கா சட்டையைத் திருப்பிப் போட்டாள். இவன் பட்டம் வாங்குவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

"மேடையிலயும் இதே லட்சணம்தான்," என்று அவன் எழுந்துவிட்டான். நாடகம் படிக்கிறவர்களுக்குக் கைகால் வீசாமல் கோபப்பட வராது. தொங்கிய சட்டைகள் இரண்டு கீழே விழுந்தன. "எனக்கு எப்பவும் அடி வாங்குற வேஷம்தான். அதுவும் சரியில்லன்னு திட்டு. 'உன் உடம்புல வலியே இல்லை'ங்கிறாரு. எப்படி இருக்கும்? நம்ம வீட்டுல என்மேல யார் கை வெச்சாங்க? அப்பா ஒரு அதட்டல் போட்டதில்ல. நான் பார்த்த அடிதடி எல்லாம் டிவியில பார்த்ததுதான்."

"அதைப் பார்த்துக் கத்துக்கலாமே."

"எதை? இருபது பேர் ஹீரோவைச் சுத்தி நிப்பானுங்க. ஒருத்தன் போய் வாங்கிட்டு வர்ற வரைக்கும் மத்தவன் எல்லாம் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிப்பான். கை ஒரு சாண் தள்ளிப் போகும், சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். வாங்கினவன் தூசியைத் தட்டிக்கிட்டு அடுத்த அடிக்கு வந்துருவான். இதுக்குப் பேர் நடிப்பு."

"பிடிக்காததைப் பத்தி எதுக்குடா எழுதின?"

"ஒரு படம் மட்டும் அப்படி இல்லக்கா." அவன் குரல் இறங்கியது. "சின்ன வயசுல திரும்பத் திரும்பப் பார்ப்பேனே, அது. கடைசியில ஹீரோ எல்லாரையும் ஜெயிச்சிட்டு மலை உச்சியில தனியா உட்கார்ந்திருப்பான். மியூசிக் கிடையாது, வசனம் கிடையாது. அப்போ எங்கியோ அடி விழுற சத்தம் கேட்கும். ஒண்ணு. கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. மத்த படத்துல வர்ற மாதிரி இல்ல, மந்தமா இருக்கும். அடி வாங்குறவன் கத்த மாட்டான். மூச்சு மட்டும் கேட்கும். ஊரையே அடிச்சவனுக்கு அந்த அடியெல்லாம் மனசுக்குள்ள கேட்குதுன்னு டைரக்டர் காட்டுறாரு. சண்டைப் படத்துலயே நெஜமா வலிக்கிற சத்தம் அது ஒண்ணுதான். அதைப் பத்தி மட்டும் பதினெட்டு பக்கம் எழுதினேன்."

அக்கா தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"வாத்தியார் அந்தப் படத்தைத் தேடிப் பிடிச்சு கிளாஸ்லயே போட்டாரு. மலை வந்துச்சு, ஹீரோ உட்கார்ந்தான். ரெண்டு நிமிஷம் ஒரு சத்தமும் இல்ல. 'டிஷ்யூம், உனக்கு மட்டும் தனியா சவுண்டு போட்டுக் குடுத்தாங்களா'ன்னு பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க."

கல்லூரியில் அவனுக்கு 'டிஷ்யூம்' என்பதுதான் பட்டப்பெயர். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானம் தாங்காமல் நேராக இங்கேதான் வந்திருந்தான்.

"நம்ம வீட்டு சி.டி. வேற மாதிரி இருந்திருக்கணும். அதுல அந்தச் சத்தம் இருந்துச்சு, எனக்கு நல்லாத் தெரியும். நீதானே தினம் போட்டு விடுவ. கேட்டேன்னு வந்து சொல்லு, போதும்."

"அந்த சி.டி. எல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. நீ வேற படத்தைப் பத்தி எழுதிக் குடுத்துரு."

"நாளைக்குள்ளயா? சும்மா ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன வந்துச்சு? அப்பா உயிரோட இருந்திருந்தா உன்கிட்ட வந்து நின்னிருக்க மாட்டேன். அவர் என் பேச்சைத் தட்டினதே இல்ல."

அக்கா மறுபடியும் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"எல்லாம் உன்னால வந்த வினை. மத்த பசங்க தெருவுல விளையாடுவானுங்க. நீ என்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து டிவி முன்னாடி உட்கார வெச்சு, சவுண்டை முழுசா ஏத்திட்டு, வெளிய கதவைச் சாத்திட்டுப் போயிடுவ. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கியா? அம்மா இல்லாத பையன்னு ஒரு பாவம் கிடையாது. தொல்லை ஒழிஞ்சா சரி உனக்கு."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள். விழுந்து கிடந்த சட்டைகளை எடுத்து உதறித் தொங்கவிட்டாள்.

"வர்றேன். வந்து சொல்றேன்."

தம்பிக்கு உயிர் வந்தது. "அப்போ அந்தச் சத்தத்தை நீயும் கேட்டிருக்க."

"கேட்டிருக்கேன். அந்தப் படம் எப்படி இருக்கும்னுதான் எனக்குத் தெரியாது," என்றாள் அக்கா, அவனைப் பார்க்காமல். "எவ்வளவு ஏத்தி வெச்சாலும் கடைசியில ஒரு ரெண்டு நிமிஷம் டிவி சத்தமே இல்லாமப் போயிடும்டா. உனக்குக் கேட்கக் கூடாதுன்னு அடுத்த ரூம்ல நான் என் வாயைப் பொத்திக்குவேன், அப்பாவோட பெல்ட் சத்தத்தை நான் என்ன பண்ண முடியும்?"