ஏனோக்கின் சம்மதம்

"ஏனோக், வேற பெஞ்சுக்குப் போ. ஊரை வித்தவன் பக்கத்துல உட்கார்ந்து என்னால ஜெபம் பண்ண முடியாது."

சர்ச்சில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் ஜோதாம்.

ஏனோக் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனார். மனைவி தபீத்தாவும் தலையைக் குனிந்தபடி பின்னால் போனாள். அந்த பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து நகர்ந்துகொண்டார்கள்.

காரணம் இருந்தது. அமெரிக்கா என்கிற புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியிருந்தார்கள். அதை ஏற்பதா, வேண்டாமா என்று முடிவுசெய்ய பாஸ்டனில் மாநாடு. 'வேண்டாம்னு சொல்லிட்டு வா' என்று மலையூரே கூடி ஏனோக்கை அனுப்பியது. அவரோ, 'சம்மதம்' என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

ஜெபம் முடிந்து வெளியே பனியில் இறங்கியதும் ஜோதாம் மறுபடி ஆரம்பித்தார்.

"ஒரு ராஜாவை அடிச்சு விரட்டினோம். இவன் இன்னொருத்தனுக்கு நாற்காலி போட்டுட்டு வந்திருக்கான். நம்ம உரிமைன்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி உண்டா?"

"சட்டம்னு ஒண்ணு இல்லேன்னா பதிமூணு மாநிலமும் ஆளுக்கொரு பக்கம் பிச்சுக்கிட்டுப் போயிடும், ஜோதாம்" என்றார் போதகர்.

"போகட்டுமே. வரி கட்ட முடியலைன்னு துப்பாக்கி தூக்கினான் என் பிள்ளை. தூக்குல போடறோம்னு ஜெயில்ல வெச்சிருக்காங்க. அதே பெரிய மனுஷங்க கையில எல்லாத்தையும் கொடுக்கச் சொல்றீங்களா?"

போதகர் சர்ச் கதவைப் பூட்டப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தபீத்தா கேட்டாள்: "உங்களுக்கும் அந்தச் சட்டம் பிடிக்காதே. போறதுக்கு முன்னாடி ஜோதாமைவிட அதிகமாக் கத்தினது நீங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

"குளிருது. வேகமா நட."

அன்றிலிருந்து அவளும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மில்லில் இவர்களுடைய சோளத்தை அரைக்க மறுத்துவிட்டார்கள். ஊரில் பிரசவம் என்றால் முதலில் தபீத்தாவைத்தான் தேடி வருவார்கள். இப்போது அதுவும் நின்றுபோனது.

பனி உருகும் சமயத்தில் ஜோதாமின் மகன் லெவிக்கு மன்னிப்பு கிடைத்தது. அவன் வீட்டில் விருந்து. ஊரே போனது, இவர்கள் இருவரையும் தவிர.

மறுநாள் காலை, பின்வாசலில் லெவி நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, ஜெயிலர் எல்லாத்தையும் சொல்லிட்டார். உங்க ஓட்டுக்குப் பதிலா என் உயிரைக் கேட்டு வாங்கினீங்களாமே."

கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த தபீத்தாவின் கை நின்றது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன், மாமா. ஊருக்கும் தெரியட்டும்."

"சொல்லாதே" என்றார் ஏனோக். "தெரிஞ்சா, உன்னைப் பார்க்கறப்பல்லாம் உங்கப்பாவுக்கு அந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும். உன் முகத்தை அவன் சந்தோஷமாப் பார்க்கணும், லெவி. என் முகத்தைப் பார்க்காம இருக்க அவனுக்குப் பழகிடுச்சு."