பினாங்கு மெசினின் மூடி

வெள்ளைச்சாமி மூடியை அழுத்தினான். மூடி இறங்கியது. கையை எடுத்தான். மூடி மறுபடியும் எழும்பிக்கொண்டது.

அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்ற ராபியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளைச்சாமி அறந்தாங்கியில் ரேடியோவும் பம்புசெட்டு மோட்டாரும் பழுது பார்ப்பவன். அவன் கை பட்டால் எதுவும் எழுந்து உட்கார்ந்துவிடும் என்று ஜெகதாப்பட்டினம் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சுதான் காலையிலிருந்து அவளை ஒரு வாய் சாப்பிடவிடவில்லை.

முற்றத்தின் நடுவில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது துணி துவைக்கும் மெசின். அவள் புருஷன் தாஜுதீன் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. கரண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஊரில் அதுதான் முதல் மெசின். மூடி பூட்டிக்கொண்டால்தான் மோட்டார் சுற்றும். வந்து இறங்கிய நாளிலிருந்து மூடி பூட்டவில்லை.

"இத ஓடவிட்டுட்டுத்தான் உம்மா கப்பலேறுவேன்" என்று தாயிடம் சொல்லியிருந்தான் தாஜுதீன்.

ஆக, மூடி பூட்டினால் பயணம். பூட்டாவிட்டால் இல்லை. ராபியாவுக்கு அவ்வளவுதான் கணக்கு.

பள்ளிவாசலில் சலாம் சொன்ன கையோடு "எப்பப் பயணம்?" என்று கேட்கிற ஊர் அது. வந்த அன்றைக்கே கேட்பார்கள். நாலு மாதம் சேர்ந்தாற்போல் ஊரில் தங்கிவிட்டால் போதும், பினாங்கில் ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பிவிடும். மாமியார் ஹவ்வா உம்மாள் மகனுக்குக் கொடுத்துவிடக் கருவாடு காயவைத்து, ஊறுகாய் ஜாடியின் வாயையும் துணியால் கட்டிவிட்டார். மூடிதான் பாக்கி.

தாஜுதீன் சும்மா இருந்தான் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

தரை சமமாக இல்லை என்று மெசினின் காலுக்கடியில் ஓட்டுச்சில்லு வைத்தான். உப்புக்காற்றில் துரு ஏறியிருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். கொக்கியை அரம் போட்டுத் தேய்த்தான். ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு, ராபியாவின் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்குவான்.

அவளும் "அடடா" என்பாள். உள்ளுக்குள் வயிறு குளிர்ந்துவிடும்.

ஒரு இரும்புக் கொக்கிக்கு எதிராக அல்லாஹ்விடம் துஆ கேட்டவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இது அவனுடைய மூன்றாவது வரவு. போன இரண்டு தடவையும் சிரித்த முகமாகத்தான் வண்டி ஏறினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதுகை அவளால் மறக்க முடியவில்லை. இந்தத் தடவையாவது, போக மனசில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று காத்துக் கிடந்தாள். அவனுக்கானால் அரத்தைத் தேடவே நேரம் சரியாக இருந்தது.

வெள்ளைச்சாமி தீக்குச்சியைக் கிழித்து, கொக்கி விழும் துளைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இங்கிட்டு ஒரு சின்ன ஸ்பிரிங்கு இருந்துருக்கணும் பாய். எடம் இருக்கு, சாமானத்தான் காணோம். கப்பல்ல உருட்டுன உருட்டுல விழுந்துருக்கும். இந்தச் சைசு நம்ம பக்கம் எங்கயும் கெடைக்காதுங்க."

தாஜுதீன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

திரைக்குப் பின்னால் ராபியா இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். வெள்ளைச்சாமிக்குப் போன காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாக விழுந்தது.

தாஜுதீன் எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைச்சாமியைப் பஸ் ஏற்றிவிடப் போனான்.

ராபியா கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு மெசினைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு நாளும் துணி துவைக்கப் போனதில்லை.

துவைகல்லில் போடுமுன் பையைத் தடவினாள். ஏதோ தட்டுப்பட்டது.

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், சுருட்டி உருண்டையாக்கியது. பிரித்தாள்.

உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்பிரிங். துரு ஏறாமலிருக்க எண்ணெய்கூடத் தடவியிருந்தது.

வெள்ளைச்சாமி காணோம் என்ற அதே சாமான். சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கும் போக மனசில்லை. இத்தனை நாளும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான் மனிதன். மாட்டவும் மனசில்லை, தூக்கிப்போடவும் தைரியமில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாதி வழியில் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான்.

அவன் முற்றத்தைத் தாண்டுவதற்குள் ராபியா அதைத் தாளோடு சேர்த்துக் கிணற்றுக்குள் போட்டாள்.

"அந்தச் சட்டையத் தொவைச்சிட்டியா? பையில ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லையே மச்சான்" என்றாள், சட்டையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டே.

தாஜுதீன் கிணற்றடி முழுவதும் கண்ணால் துழாவினான். அப்புறம் துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான். மெல்ல மெல்ல அவன் முகம் தெளிந்தது.

"போவட்டும்" என்றான்.

இனி அவனே நினைத்தாலும் அந்த மூடி பூட்டாது.