இன்னும் கொஞ்சம் சின்னதாக

கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மதிய வெயில் கண்ணைக் கூசுகிறது. பரீட்சைக்கு மணி அடிக்க இன்னும் நேரமிருக்கிறது. மெஷின் மூடிக்கடியில் பச்சை வெளிச்சம் ஊர்ந்து போக, மகள் கண்விழித்து எழுதிய குறிப்புகள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிச் சூடாக வெளியே வருகின்றன. "இன்னும் கொஞ்சம் சின்னதாக்குங்க, கைக்குள்ள அடங்கணும்" என்கிறார் அப்பா. கடைக்காரர் கொட்டாவி விட்டபடி பொத்தானை அமுக்குகிறார். "வேண்டாம்ப்பா, நான்தான் படிச்சிட்டேனே" என்கிறாள் மகள். "படிச்சா போதுமாம்மா? ஊரே பார்த்து எழுதுது. நீ மட்டும் ஏமாந்து நிக்கணுமா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருக்கிறது. புதிதாக வந்த துண்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறார். எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறது. "உனக்காவது தெரியுதா? வாசி பார்க்கலாம்" என்று அவள் கையில் திணித்துவிட்டு, அடுத்த தாளைக் கத்தரிக்கக் குனிகிறார். அவள் துண்டைப் பார்க்கவே இல்லை. சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்தபடி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் சொல்லி முடிக்கிறாள். குனிந்த தலையை நிமிர்த்தாமலே அப்பா பெருமூச்சு விடுகிறார். "நல்லாத் தெரியுதாம்" என்கிறார் கடைக்காரரிடம். "மிச்சத்தையும் இதே அளவுல போட்டுடுங்க."