இரண்டாவது சமையலறை

“இது என்ன, ரெண்டாவது கிச்சன்?”

பெரியவரின் சிவப்புப் பேனா வரைபடத்தின் மேல் அப்படியே நின்றது. எதிரே இருந்த இன்ஜினியர் பெரியவரின் மருமகளைப் பார்த்தார். அந்த நெட்டைப் பெண் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது போதாதா அவருக்கு? முப்பத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் மேனேஜராக இருந்தவர். ஒரு திருகாணி குறைந்தாலும், யார் முழி சரியில்லை என்று பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார். இன்றைக்கு அந்தச் சின்ன அலுவலகத்தில் ஒருத்தர் முழியும் சரியில்லை.

போன மாசம் பார்த்த வரைபடத்தில் கீழ்த்தளத்துக்கு ஒரே சமையலறை, ஒரே பெரிய கூடம். இப்போது கூடத்தின் ஓரமாக ஒரு சுவர் முளைத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அறை, குளியலறை, குட்டிச் சமையலறை, வெளியே போக ஒரு தனி வாசல். கரண்டுக்குக்கூடத் தனி மீட்டர்.

“அது வந்து சார்... பின்னாடி உதவியா இருக்கும்,” என்று மென்று விழுங்கினார் இன்ஜினியர்.

“யாருக்கு?”

“ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் அவர் மனைவி. அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்ததில் அவள் கால் தரைக்கு எட்டவில்லை.

“நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது.”

அவள் சும்மா இருந்தாள். அவளுக்கு அது நன்றாகப் பழகிய வேலை.

பெரியவர் எஸ்டிமேட்டைப் புரட்டினார். பட்ஜெட்டைக் குறைக்கிறேன் என்று போன மாசமே அதில் ஏகப்பட்ட சிவப்புக் கோடு போட்டிருந்தார். மனைவி கேட்ட பெரிய ஜன்னல் பாதியாகியிருந்தது. இத்தனை வருஷமாக அக்கம்பக்கத்துக்குக் காசுக்குத் தைத்துக் கொடுப்பவள்; அவளுடைய தையல் அறை முழுசாகவே அடிபட்டிருந்தது. “மிஷினை எங்கயாவது மூலையில போட்டுக்க” என்று அப்போதே தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் ஸ்டோர் வீட்டுக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்க எத்தனை கரண்டி எண்ணெய் என்பதுகூட அவரைக் கேட்டுத்தான்.

“பெரிய கிச்சன்ல மேடை உயரம் மூணடி. இதுல என்ன ரெண்டரை அடி?”

“ஆளை நிக்கவெச்சு அளவெடுத்துதான் சார் போடுவோம்.”

“அரை அடி செங்கல் மிச்சம். அது ஒண்ணுதான் இதுல உருப்படி,” என்று அடுத்த வரிக்குப் போனவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சுவர், அறை, சமையலறை எதன் செலவும் மொத்தத் தொகையில் சேரவில்லை. பக்கத்தில் ‘தனியாகப் பெறப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

“பணம் யார் குடுத்தது?”

இன்ஜினியர் தண்ணீர் குடித்தார்.

“அப்பா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்ப்பா,” என்றான் மருமகள் பக்கத்தில் இருந்த மகன்.

“ஏன்? குடுத்தவங்க இங்கதான இருக்காங்க? இங்கயே பேசுவோம்.”

இப்போது அவருக்கு எல்லாம் புரிந்தாற்போல இருந்தது. போன செவ்வாய்க்கிழமை பால்கனியில் மருமகள் போனில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “மாமாவுக்கு இப்பத் தெரிய வேணாம் சார்.” அவர் தலையைக் கண்டதும் போனை வைத்துவிட்டாள். சம்பாதிக்கிற பெண். கையில் காசு இருக்கிறது. மூளையும் இருக்கிறது.

பழைய ஃப்ளாட்டை விற்ற பணம், ஓய்வுப் பணம், எல்லாவற்றையும் இந்த ஒரு வீட்டில் கொட்டப்போகிறார். எதற்கு? சாகிற வரைக்கும் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது. கோபத்தில் குரல் உயர்ந்ததே தவிர, உள்ளுக்குள் அவருக்குப் பயமாக இருந்தது.

“ஏம்மா, நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மாமா...”

“பின்ன எப்படி? அடுப்பு தனி, வாசல் தனி, மீட்டர் தனி. பாக்கி என்ன இருக்கு, பேச்சுவார்த்தை ஒண்ணுதான?”

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் குறுக்கே வந்தான்.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. இது வேணாம்னு கெஞ்சினதே அவதான்.”

“ஓ! அப்ப இது உன் வேலையா?”

அவன் வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் என்றால்கூட ஒரு மாதிரி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளை!

“நல்லா இருக்குடா. ஊர்ல இருக்கிறவனெல்லாம் அப்பன் செத்த பிறகு சுவர் வைப்பான். நான் கண்ணால பாக்கணும்னே நீ வெக்கிறியா?”

“அப்பா, நான்...”

“பேசாத. தனியாப் போறது யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம ஒரு பேப்பர்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மனைவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். “அத்தை, வேணாம்,” என்றாள் மருமகள் மெல்ல.

மனைவி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை.

“பசங்களை விடுங்க. அவங்க கடைசி வரைக்கும் உங்ககூடதான் இருப்பாங்க,” என்றாள். “தனியாப் போறது நான்.”