வெந்நீர் அண்டா

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரை ஒரு ஈரத்துணியால்கூடத் துடைக்காத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பெயின்ட் பிரஷ்ஷால் ரேடியேட்டரைப் பதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கால் அப்படியே நின்றுபோனது.

அது அவளுடைய அப்பா சீராகக் கொடுத்த கார். கொடுத்தபோதே கிழடு. இப்போதோ இரண்டு தெரு போவதற்குள் கொதித்து, புஸ்ஸென்று ஆவி விடும். தெருவில் அதற்கு 'வெந்நீர் அண்டா' என்றே பெயர். "வித்துடலாமே" என்று கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அவர் எப்போதாவது வாயைத் திறந்தால், "எங்கப்பாவையும் சேர்த்து வித்துடுங்களேன்!" என்று மூக்கைச் சிந்துவாள். அத்தோடு விற்கும் பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவர் இன்று முன்பக்கக் கம்பித் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார். ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கிலிருந்து செத்த வண்டு, காய்ந்த சருகு, புறா இறகு, மிட்டாய்க் காகிதம் என்று குப்பை வந்துகொண்டே இருந்தது. வளைந்த தகடுகளைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். பிறகு என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டார். கறுப்பாக வழிந்த தண்ணீர் தெளியும்வரை ஓயவில்லை. நடுநடுவே விசில் வேறு.

அந்த விசில்தான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இவரு காரைக் கழுவுறாருக்கா!"

"அதுக்கு ஏன்டி அழுவுற?"

"விசிலடிச்சுக்கிட்டே கழுவுறாரு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "ஆம்பளைக்குத் திடீர்னு சுத்தம் வந்தா, சுத்தி எங்கேயோ ஒருத்தி இருக்கான்னு அர்த்தம். கண்ணைத் தொறந்து வெச்சுக்கோ."

அவளுக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. போன மாதம் ஒரு மத்தியானம் நூல்கண்டு வாங்கப் போனபோது, மூன்றாவது தெருவில் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் இதே கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அன்று அவரைக் கேட்டதற்கு, "அது வந்து... ஒரு சின்ன வேலையா..." என்று மென்று விழுங்கினார். புதிதாகக் குடிவந்த அந்தப் பாட்டு டீச்சரை அவள் பார்த்ததில்லை. குரலைக் கேட்டிருக்கிறாள். பாகு மாதிரிக் குரல்.

பாவி மனுஷா!

வெளியே அவர் மெக்கானிக்கோடு போனில் பேசுவது கேட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் பல்லியாக ஒட்டிக்கொண்டாள்.

"ரேடியேட்டர் பளபளன்னு ஆயிடுச்சு தம்பி. இனிமே பாதி வழியில நின்னு மானத்தை வாங்காதுல்ல? ... சேச்சே, திரும்பி வர்ற பேச்சே இல்ல. போறதுக்கு மட்டும் தாங்கினாப் போதும். ... எவ்வளவு தூரமா? எவ்வளவு தூரம் போனாலும் சந்தோஷந்தான்!"

மெஷினுக்குத் திரும்பி வந்தவள், அதே நினைப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையின் கழுத்தில் அதன் ஒரு கையை வைத்துத் தைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் பெட்ரோல் போட்டு, டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தார். காரை ஷெட்டில் விடவில்லை. தெருவிலேயே, பெரிய ரோட்டைப் பார்த்தபடி நிறுத்தினார். டிரைவர் சீட்டில் ஒரு மெத்தையைப் போட்டார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்தார்.

கிளம்பியே விட்டார்!

துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசற்படியில் காவல் இருந்தாள். பெட்டியும் கையுமாக வரட்டும், பேன்ட்டின் இரண்டு காலையும் முழங்காலோடு நறுக்கிவிட வேண்டும். அப்புறம் எந்தப் பாட்டு டீச்சர் பக்கத்தில் சேர்ப்பாள் பார்க்கலாம்.

அவர் பெட்டியை எடுக்கவில்லை. கைகால் கழுவினார். ஃபேனைப் போட்டார். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. உலுக்கி எழுப்பினாள்.

"எப்பக் கிளம்பறதா உத்தேசம்?"

"எங்கே?"

"நடிக்காதீங்க! அந்தப் பாட்டு டீச்சரோட எங்கே ஓடப்போறீங்க? திரும்பியே வரமாட்டீங்களாமே? பிஸ்கட்டெல்லாம் வாங்கி வெச்சாச்சே!"

கத்தரிக்கோலைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"அடிப்பாவி! அந்தம்மாவோட பேரனுக்கே தலை நரைச்சிருச்சுடி!"

"அப்ப போன மாசம் கார் ஏன் அவ வீட்டு வாசல்ல நின்னுச்சு?"

"நான் எங்கே நிறுத்தினேன்?"

"இன்னிக்கு? பெட்ரோல், மெத்தை, தண்ணி... எல்லாம் யாருக்கு? முதல்ல கார்ச் சாவியைக் கொடுங்க இப்படி!"

"சாவி கார்லயே இருக்கு."

"கார்லயா? கதவாவது பூட்டினீங்களா?"

"இல்ல."

அவள் வாய் பிளந்து நின்றாள். கத்தரிக்கோல் தானாகக் கீழே இறங்கியது. இனி மறைத்துப் பயனில்லை என்று அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நீயும் விக்க விடமாட்டேங்கிற, போன மாசம் தானா வந்து எடுத்துட்டுப் போன திருடனும், பாவம், மூணாவது தெருவைத் தாண்ட முடியாம அந்தம்மா வீட்டு வாசல்லயே விட்டுட்டு ஓடிட்டான்... இந்தத் தடவையாவது அவன் அலுங்காம ஊர் போய்ச் சேரட்டுமேன்னுதான்!"